நீளமா, குட்டையா?

"சித்தி, ஒரு டவுட். லாங் பேரலா, ஷார்ட் பேரலா?"

கேட்டவன் என் அக்கா மகன். படிவம் நான்கு. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். வாரக் கடைசியில் விடுப்பு கிடைத்ததே என்று கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்திருந்தேன். வீட்டில் மெத்தை நாற்காலிகளெல்லாம் வெளியே கிடந்தன. அக்கா திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவன் மட்டும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பப்ஜியில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான்.

விளையாட்டில்தான் ஏதோ கேட்கிறான் என்று நினைத்தேன். அதில் 'டி.எம்.ஆர்.' என்று ஒரு வகை உண்டாம். தூரத்துக் குறியைத் துல்லியமாக அடிக்கும் செமி ஆட்டோ துப்பாக்கிகள். ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு பாயும், அடுத்தது தானாகவே ஏறிக்கொள்ளும். எஸ்.கே.எஸ்., மினி-14, எஸ்.எல்.ஆர். என்று அவன் வரிசையாக ஒப்பித்தான். மினி-14இல் குண்டு வேகம், எஸ்.எல்.ஆரில் அடி பலம், ஆனால் உதை அதிகம் என்றான். உயிரியல் பாடத்தை இந்த அழகில் படித்தால் அக்கா ஏன் புலம்பப் போகிறாள்?

"எஸ்.எல்.ஆரா? அதை நான் தூக்கியிருக்கேன்டா தம்பி."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா. எங்களுக்கு எல்லாரும் வைத்த பெயர் 'ஆர்மி தாத்தா'. 1966இல் மலேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. இன்றும் காலை ஐந்தரைக்கு வாசல் கூட்டும் சத்தம் கேட்கும். பையன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். நான் ஊருக்கு வந்த இரண்டு நாளில் அவன் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வானொலியில் நான் சொந்த ஊர் பெயரைச் சொன்னாலே கூட இருக்கும் அறிவிப்பாளர் 'ஓஹோ' என்று இழுப்பார். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் கிண்டலுக்குப் பழகிவிட்டோம். ஆனால் அதே உலு கிந்தாவில் பொது நடவடிக்கைப் படையின் முகாமும், 1969இல் உருவான வாட் 69 கமாண்டோ பிரிவின் தளமும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. சின்ன வயதில், தூரத்தில் பட்டாசு வெடிப்பது மாதிரி ஒரு சத்தம் சில காலைகளில் கேட்கும். அப்பா "பயிற்சி நடக்குது" என்பார். அவ்வளவுதான். துப்பாக்கி எங்களுக்குக் கேட்கும் பொருள், பார்க்கும் பொருள் அல்ல.

தாத்தா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"எஸ்.எல்.ஆர். நல்ல துப்பாக்கிதான். அடிச்சா அடிச்சதுதான். ஆனா எவ்வளவு நீளம் தெரியுமா? உன் அம்மா இடுப்புக்கு மேல வரும். தோட்டா இல்லாமலே நாலு கிலோவுக்கு மேல. காட்டுக்குள்ள போனா ரோத்தான் முள்ளு மொதல்ல சட்டையைப் பிடிக்காது, குழலைத்தான் பிடிக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை திரும்பி நின்னு கொடியைப் பிச்சு எடுக்கணும். சத்தம் கேட்கக் கூடாது. அதுதான் கஷ்டம்."

எஸ்.எல்.ஆரின் மொத்த நீளம் சுமார் 114 சென்டிமீட்டர். குழல் மட்டும் 21 அங்குலத்துக்கும் மேல். பின்னாளில் எடை குறைந்த எம்-16 கைக்கு வந்தபோது, பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்த பிள்ளை மாதிரி இருந்ததாம் அவருக்கு.

பேராக் காட்டில் இந்தக் கேள்வி அவருக்கு முன்பே வந்த ஒன்று. எங்கள் ஊரிலிருந்து இரயில் பாதையில் வடக்கே போனால் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் தேதி அங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்ததுதான் அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அந்தக் காட்டுக்குள் போன படைகளின் கையில் லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் இரண்டு வடிவங்கள் இருந்தன. நான்காம் எண்ணின் குழல் 25.2 அங்குலம், எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தாம் எண்ணின் குழல் 18.8 அங்குலம், எடை மூன்றே கால் கிலோவுக்குள். இந்தக் குட்டையை இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944இல் செய்யத் தொடங்கினார்கள். 'ஜங்கிள் கார்பைன்' என்பது சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர். இவை இரண்டுமே செமி ஆட்டோ அல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். ஆனால் 'நீளமா, குட்டையா' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

காட்டுக்குக் குட்டைதான் சரி என்று தோன்றும். நூறு மீட்டர் தூரத்தைக் கண்ணால் பார்ப்பதே அங்கே அபூர்வம். ஆனால் ஆறரை அங்குலம் குறைத்ததற்கு விலை இருந்தது.

குக்கரில் ஆவி அடங்கும் முன்பே மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? குட்டைக் குழலிலும் அதுதான் நடக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும்வரை அந்தத் தள்ளல் தொடரும். குழல் சீக்கிரம் முடிந்துவிட்டால் மிச்ச வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்ந்து, வாய் முனையில் தீப்பிழம்பாகவும் பெரிய சத்தமாகவும் மாறுகிறது. ஜங்கிள் கார்பைனின் முனையில் ஒரு புனல் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல, அந்தப் பிழம்பை மறைக்கத்தான். எடை குறைந்ததால் தோளில் உதை கூடியது. அதற்கென்று பின்பக்கம் ஒரு ரப்பர் பட்டையும் ஒட்டினார்கள். யார் கண்டார், அது நம் பாட்டிமார் வெட்டிய பால்மரத்து ரப்பராகக்கூட இருக்கலாம்!

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. இன்று சரிபார்த்து வைத்த குறி நாளை விலகியிருக்கிறது என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். 'அலையும் குறி' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. 1947இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஏற்கெனவே செய்தவை மலாயாக் காடுகளில் பல வருடம் ஓடின. குறி கொஞ்சம் அலைந்தாலும் கொடியில் சிக்காத துப்பாக்கியே மேல் என்று நடந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அன்றைய செமி ஆட்டோ என்றால் அமெரிக்க எம்-1 கார்பைன். 18 அங்குலக் குழல், இரண்டரை கிலோவுக்குள் எடை, 15 தோட்டா மேகசின். காவல்துறைக்கு அது கிடைத்தது. கையடக்கம், ஆனால் தோட்டா சின்னது. பக்கத்தில் உதவும், தூரத்துக்கு ஆகாது.

"அப்போ லாங் பேரல்தான் அக்யுரேட், சரியா தாத்தா?" என்றான் பையன்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நீளம் தருவது வேகம். துல்லியம் வேறு. இன்று பல ராணுவங்கள் துல்லியத் துப்பாக்கிகளில் பயன்படுத்தும் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழலில் ஒரு அங்குலம் குறைந்தால் குண்டின் வேகம் நொடிக்கு ஆறேழு மீட்டர் குறையும். 20 அங்குலத்திலிருந்து 16க்கு வந்தால் சுமார் 25, 30 மீட்டர் போகும். நொடிக்கு 800 மீட்டர் அளவில் பறக்கும் ஒன்றுக்கு அது பெரிய இழப்பா? 300 மீட்டரில் கிட்டத்தட்ட இல்லை. 800 மீட்டரில் ஆமாம். குண்டு சற்று அதிகம் கீழே இறங்கும், காற்று சற்று அதிகம் தள்ளும்.

துல்லியத்துக்கு வேண்டியது விறைப்பு. ஒட்டடைக் கொம்பை அடியில் பிடித்து நீட்டிப் பாருங்கள், நுனி ஆடும். அதையே பாதியாக வெட்டினால் ஆடாது. சுடும்போது குழலும் அப்படித்தான் நடுங்குகிறது. ஒரே தடிமனில் செய்தால் குட்டைக் குழலுக்கு நடுக்கம் குறைவு. ஜங்கிள் கார்பைனின் குறி அலைந்ததற்குக் குட்டைத்தனம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எடையைக் குறைக்க வேண்டும் என்று உலோகத்தையும் ஆங்காங்கே செதுக்கியிருந்தார்கள்.

தாத்தா இதை இவ்வளவு நீட்டவில்லை. "குட்டையா இருந்தாலும் தடியா இருந்தா நேரா அடிக்கும்டா" என்றார். நான் வானொலிக்காரி, ஒரு வரியை மூன்று பத்தியாக்குவதுதான் என் பிழைப்பு.

ராணுவங்களும் இந்தப் பாதையில்தான் நடந்து வந்திருக்கின்றன. 1963இல் சோவியத் ராணுவம் ஏற்ற டிராகுனோவ், இந்திய ராணுவத்திலும் இருப்பது, 24 அங்குலத்துக்கும் மேல் குழல் கொண்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் எடுத்த எம்-110க்கு 20 அங்குலம். அதில் ஒலியடக்கியையும் மாட்டினால் வண்டிக்குள் ஏறுவதே பாடு. ஆப்கானிஸ்தானுக்கு என்று பிரிட்டன் 2010வாக்கில் வாங்கிய எல்-129 ஏ-1க்கு 16 அங்குலம். அதன்பின் 2016இல் அமெரிக்க ராணுவமும் எம்-110க்கு மாற்றாக ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 16 அங்குலம்தான். நாலு அங்குலத்தில் போகும் வேகத்தைவிட, கதவு திறந்ததும் இறங்கி ஓட முடிவது முக்கியம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான சாட்சி எங்கள் ஊர்க் காட்டிலேயே உண்டு. பேராக் மலைகளில் வாழும் தெமியார் மக்களின் ஊதுகுழல். கணு இல்லாத நீண்ட மூங்கிலில் உள்குழல், வெளிக்குழல் என்று இரண்டாகச் செய்வார்கள். நீளம் இரண்டு மீட்டர் அளவு! இவ்வளவு நீளத்தை வைத்துக்கொண்டு ரோத்தான் காட்டில் எப்படி? அவர்கள் குறி பெரும்பாலும் மேலே, மரக்கிளையில் இருக்கும் அணிலும் குரங்கும் பறவையும். குழலைச் செங்குத்தாகத் தூக்கினால் கொடி தடுக்காது. மூச்சு மெல்லிய விசை, அது தள்ளித் தள்ளி வேகம் ஏற்ற நீளம் வேண்டும். ஒரே காட்டுக்கு வெள்ளைக்காரன் குழலை வெட்டினான், காட்டுக்காரர்கள் நீட்டினார்கள். இரண்டு பேரும் சரி.

இவ்வளவும் பேசி முடித்தபோது கோப்பி ஆறிவிட்டது. பையன் மெதுவாகச் சொன்னான்.

"அப்போ நான் ஷார்ட்டே எடுத்துக்கறேன். கார்ட்ல ரெண்டும் போட்டு வச்சிருக்கேன்."

"எந்த கார்ட்ல?"

கைப்பேசியை நீட்டினான். விளையாட்டு இல்லை. இணையக் கடை. கருப்பு நிறம், தொலைநோக்கி, மேகசின் எல்லாம் அசல் மாதிரி. தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் 'ஜெல் பிளாஸ்டர்'. குழல் மட்டும் இரண்டு அளவில், நீளம், குட்டை. சேர்த்து வைத்த காசு, தீபாவளிக்கு வரும் அங்பாவை நம்பி மிச்சம். "பொம்மைதானே சித்தி?"

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் கை குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் வானொலியில் செய்திச் சுருக்கம் படிக்கும் நாட்களில் இந்த வகை வழக்குகளை நானே வாசித்திருக்கிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவு போலி ஆயுதங்களுக்கானது. அசல் துப்பாக்கி என்று நம்பும்படி இருந்தால், உள்ளே ஜெல் இருக்கிறதா ஈயம் இருக்கிறதா என்பது அங்கே இரண்டாம் கேள்வி. ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பார்சல் யார் பெயரில் வரும்? அக்கா பெயரில். அசல் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம் வரும். 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் அதில் உண்டு. கடைப்பக்கத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. 'இலவச டெலிவரி' மட்டும் இருந்தது.

"விக்கிறாங்களே, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றான். பதினாறு வயதில் இது நியாயமான கேள்வி. முப்பதைக் கடந்த என் நண்பர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். அலுவலகக் குழுவாக வார இறுதியில் விளையாடலாம் என்று ஆளுக்கொன்று வாங்க நினைத்தவர்கள் அவர்கள். விற்பனைப் பக்கம் உரிமம் ஆகாது.

தாத்தா அப்போதுதான் வாய் திறந்தார். சட்டம் பேசவில்லை. "மலாயா கணபதின்னு கேள்விப்பட்டிருக்கியா?"

அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. எஸ்.ஏ. கணபதி. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், நம் ஆள். அவசரகாலச் சட்டத்தில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தது. அவரைக் காப்பாற்ற இந்தியாவிலிருந்தும் குரல் எழுந்தது, பலன் இல்லை. அவருடைய அரசியலைப் பற்றி எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி உண்டு. தாத்தா சிப்பாய், அவருக்கு அந்தப் பக்கத்தின் மேல் பிரியம் இருக்க வழியில்லை. இருந்தும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தணிந்துதான் வந்தது.

என் பாட்டி அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் வெளிக்குப் போகும்போது வாசலில் துப்பாக்கிக்காரன் தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பான், காட்டுக்காரர்களுக்குச் சோறு போகிறதா என்று. வேலிக்கு வெளியே போனால் அந்தப் பக்கத் துப்பாக்கி. "ரெண்டு பக்கமும் குழல்தான், நடுவுல நாங்க" என்று பாட்டி சொல்லுவார். எந்தக் குழல் எத்தனை அங்குலம் என்று அவருக்குத் தெரியாது. வாயைப் பார்த்தவருக்கு நீளம் எப்படித் தெரியும்?

சுடுவதில் உண்மையாகவே ஆர்வம் என்றால் வழி இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். சங்கம், பயிற்சியாளர், உரிமம் பெற்ற இடம். காற்றுத் துப்பாக்கிக்குக்கூட நம் நாட்டில் உரிமம் வேண்டும், அதனால் வீட்டில் வைத்து விளையாடும் பேச்சே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்றாரே, அந்த வகைத் துப்பாக்கியில் ஒரு வேடிக்கை உண்டு. நீளமாகத் தெரியும் குழலின் முன்பகுதி பல மாதிரிகளில் வெறும் உறை. குண்டு ஓடும் உள்குழல் பாதியிலேயே முடிந்துவிடும். கண்ணுக்கும் குறிமுனைக்கும் நடுவே தூரம் கூடினால் குறி பார்ப்பது எளிது என்பதற்காகவே அந்த நீட்டல்.

"அப்போ அது லாங்கா, ஷார்ட்டா?"

"ரெண்டும்" என்றார் தாத்தா.

கைப்பேசியை வாங்கி, இரண்டையும் நீக்கியதை நானே கண்ணால் பார்த்தேன். முகம் கொஞ்சம் தொங்கித்தான் போனது. மறுபடி ஹெட்ஃபோனைத் தேடினான். அதற்குள் அக்கா பின்கட்டிலிருந்து இரண்டு ஒட்டடைக் கொம்புகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"நீளமா, குட்டையா? சீக்கிரம் சொல்லு, கூரை இருட்டுறதுக்குள்ள முடியணும்."